இந்த வருஷத்துக்கு இம்புட்டுப் போதும்

1

இந்த ஜூன் மாதத்தோடு நாங்கள் நியூஃபவுண்ட்லாந்து தீவுக்கு வந்து பத்து வருஷம் நிறைகிறது. கனடாவின் கிழக்குக் கடைக்கோடி இது. இதற்கப்புறம் வெறும் தண்ணீர்தான். பத்து வருஷத்துக்கு ஒரு கேக்காவது வெட்ட வேண்டாமா என்று சாமுவேல் கேட்டார். "மீன் வரட்டும், வெட்டலாம்" என்று சொல்லிவிட்டேன். சாமுவேல் என் கணவர், மல்லாங்கிணற்றுக்காரர், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேக்குக்கும் மீனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அந்த மீனோடு சம்பந்தம் உண்டு.

மீனின் பெயர் கேப்லின். நம் நெத்திலிக்குக் கொஞ்சம் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சை முதுகு, வெள்ளி வயிறு. கோடை தொடங்கும்போது முட்டையிடுவதற்காகக் கூட்டம் கூட்டமாகக் கரைக்கே வரும். அலை கொண்டுவந்து கூழாங்கல் மேல் கொட்டும். வலையும் வாளியுமாக ஊரே கரையில் நிற்கும். திமிங்கிலத்துக்கும் கடற்பறவைக்கும் பெரிய மீன்களுக்கும் இதுதான் சாப்பாடு. படகுக்காரர்களுக்கு இதுதான் கோடைச் சம்பளம்.

இந்த மீனைப் பற்றித்தான் எனக்கு வேலை. கடலில் அது எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பிடித்தால் அடுத்த வருஷத்துக்கு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். கடலுக்குள் இறங்கி எண்ண முடியாது. போன கோடையில் எவ்வளவு குஞ்சு பொரித்தது, இலையுதிர் காலத்தில் பெரிய மீன்கள் எவ்வளவு கொழுத்திருந்தன, வசந்தத்தில் கடல் பனி எப்போது விலகியது என்று ஆராய்ச்சிக் கப்பல் கொண்டுவரும் தகவல்களைக் கணினிக்குக் கொடுத்தால், வருகிற கோடையில் மீன் கூடுமா குறையுமா என்று அது சொல்லும். ஒற்றை எண்ணாகச் சொல்லாது. இதற்குக் குறையாது, இதற்குக் கூடாது என்று ஒரு வரம்பாகச் சொல்லும். இதற்கு மாடல் என்று பெயர். நான் மாடலிங் செய்கிறேன் என்று சாமுவேல் ஊரில் சொல்லிவைத்து, எங்கள் ஆமத்தூரில் ஒரு சித்தி என்னை ஏற இறங்கப் பார்த்தது தனிக்கதை.

2

விருதுநகர்ப் பக்கத்து ஆளுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? நியாயமான கேள்விதான். வேலைக்கான நேர்முகத் தேர்விலேயே கேட்டார்கள். எங்கள் வீட்டில் மீன் என்றால் கருவாடு. கடலை நான் முதன்முதலில் பார்த்தது கல்லூரிச் சுற்றுலாவில்.

ஆனால் மீன்பிடிப்பைப் பார்த்திருக்கிறேன். கண்மாயில் தண்ணீர் வற்றி முழங்காலுக்கு வந்ததும் ஒரு நாள் குறிப்பார்கள். அன்று ஊர் மொத்தமும் கூடையும் கச்சா வலையுமாக உள்ளே இறங்கும். ஒரு குஞ்சைக்கூட விடமாட்டார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. மிச்சம் வைத்தால் வெயில் தின்றுவிடும். அடுத்த மழைக்கு எங்கிருந்தோ மீன் வந்துவிடும் என்ற நம்பிக்கை.

இந்தத் தீவுக்காரர்களும் ஒரு காலத்தில் கடலில் அப்படித்தான் பிடித்தார்கள். ஒரு தலைமுறைக்கு முன் இங்கே பெரிய மீன் இனம் ஒன்று பிடித்துப் பிடித்தே தீர்ந்துபோய், கடலில் மீன்பிடிப்பையே மூடவேண்டி வந்தது. ஆண்களும் பெண்களுமாக ஆயிரக்கணக்கில் மேற்கே வேலை தேடிப் போனார்கள். கடல் வற்றாது, ஆனால் காலியாகும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதிலிருந்துதான் என் மாதிரி ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள்.

3

இரண்டு வருஷத்துக்கு முன் மாடல் மோசமான செய்தி சொன்னது. எங்கள் விரிகுடாவில் கேப்லின் நன்றாகக் குறையப்போகிறது. பிடிப்பை இரண்டு கோடைக்குப் பாதிக்கும் கீழே இறக்கினால், மூன்றாவது கோடையில் திரும்பிவர நல்ல வாய்ப்பு இருக்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். தகவலைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். வரம்பு அகலமானதே தவிர, செய்தி மாறவில்லை.

படகுக்காரர்களுக்கு இதை விளக்கத் துறைமுகத்துச் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. பேசவேண்டியவர் என் மேலதிகாரி. பனிப்புயலில் அவருடைய விமானம் நின்றுபோய், நான் பேசவேண்டியதாயிற்று. நான் இந்தத் துறைமுகத்திலேயே குடியிருப்பவள். கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் என்னைக் கடையில் பார்த்துக் கையசைப்பவர்கள்.

படங்களைக் காட்டினேன். கோடுகளைக் காட்டினேன். கடைசியில் ஒருவர், சுற்றி வளைக்காமல் இந்த வருஷம் எவ்வளவு என்று சொல்லு என்றார். அளவைச் சொன்னேன். கூடவே என் வாயிலிருந்து வந்தது: "இந்த வருஷத்துக்கு இம்புட்டுப் போதும்." ஆங்கிலத்தில்தான் சொன்னேன், ஆனால் சொன்ன தோரணை அப்படியே எங்கள் அப்பாவுடையது. சொல்லிவிட்டு உட்கார்ந்தும்விட்டேன்.

எங்கள் அப்பா பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்தவர். இப்போது என் தம்பி ஐசக், விஸ்வநத்தம் பக்கம் ஒரு கம்பெனியில் அதே வேலை பார்க்கிறான். மருந்து கலக்கிற அறையில் ஒரு வழக்கம் உண்டு. வெயில் ஏறிவிட்டது, காற்று சரியில்லை என்று ஃபோர்மேனுக்குப் பட்டால், வாசலில் நின்று "இன்னைக்குப் போதும்" என்பார். அவ்வளவுதான். ஏன் எதற்கு என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். அந்த இடத்தில் நின்று வாக்குவாதம் செய்வதே ஆபத்து. கையில் இருப்பதை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்பா போதும் என்றால் பேச்சு முடிந்தது. அப்படி வளர்ந்தவள், சமுதாயக் கூடத்தைக் கலவை அறை என்று நினைத்துவிட்டேன்.

இவர்கள் வெளியே போகவில்லை. எழுந்து நின்றார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு என் அடுத்த தெரு டோரீன் பேசினாள். அவளும் அவள் கணவரும் சொந்தப் படகில் தொழில் செய்பவர்கள். இந்தத் தீவில் முன்பின் தெரியாதவர்களைக்கூடக் கண்ணு என்றுதான் கூப்பிடுவார்கள், கோபத்திலும். டோரீனின் ஆங்கிலம் என் காதுக்குள் ஆமத்தூர்த் தமிழாகத்தான் இறங்கும், அப்படியே எழுதுகிறேன்.

"கண்ணு, போதும்னியே. யாருக்குப் போதும்? ஒனக்கா, எனக்கா?"



4

கடலை நான் மூடவில்லை. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. மாடல் சொல்வதை நாங்கள் அறிக்கையாக எழுதுவோம். வேறு விஞ்ஞானிகள் அதைக் கிழித்துக் காயப்போடுவார்கள். அப்புறம் ஒரு குழு. அதில் படகுக்காரர்கள், மீன் ஆலைக்காரர்கள், அதிகாரிகள். குழுவின் பரிந்துரை தலைநகரத்துக்குப் போகும். அங்கே அமைச்சர் கையெழுத்துப் போட்டால்தான் அளவு. முடிவு வந்தபோது "முன்னெச்சரிக்கை அணுகுமுறையின் அடிப்படையில்" என்று தொடங்கி ஒரு பத்தி முழுக்க மூச்சுவிடாமல் ஓடியது. யார் எடுத்த முடிவு என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் துறைமுகத்தில் முகம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். கடையில் கையசைப்பது நின்றது.

அதையும் தாங்கிக்கொண்டேன். ரூத் விஷயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

ரூத் எங்கள் மகள். வந்தபோது மடியில் உட்கார்ந்து வந்தவள், இப்போது என்னைவிட உயரம். அவளுக்கு இந்தத் தீவில் ஒரே ஒரு சிநேகிதி, டோரீனின் மகள் மேகன். ஒன்றாகப் பள்ளிக்கூடம், ஒன்றாகச் சண்டை, ஒன்றாகக் காய்ச்சல். அந்தக் கூட்டத்துக்கு மறுவாரம் பள்ளிப் பேருந்தில் மேகன் வேறு இருக்கைக்குப் போய்விட்டாள்.

"இந்த வேலையைப் பார்க்கச் சொல்லி யாராவது உன்னைக் கேட்டார்களா?" என்று ரூத் என்னிடம் ஆங்கிலத்தில் கத்தினாள். அவள் தமிழில் கத்தி வெகுநாள் ஆகிறது. தமிழில் சாப்பாடு கேட்பாள், சண்டையெல்லாம் ஆங்கிலத்தில். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பாடத்தை விட்டுவிட்டாள் என்று அதற்கு முந்தின வருஷமெல்லாம் அங்கலாய்த்துக்கொண்டிருந்தேன். இனி எந்த மொழியிலாவது பேசினால் சரி என்றாகிவிட்டது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியவளைச் சாப்பாட்டுக்குக்கூட வெளியே கொண்டுவர முடியவில்லை.

5

ஐசக்கிடம் சொல்லி அழுதேன். அவனிடம் எப்போது வேண்டுமானாலும் பேச முடியாது. பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது; வாசலில் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சாயங்காலம் வெளியே வந்து போனை வாங்கியதும் எனக்கு ஒரு வரி அனுப்புவான்: "வெளிய வந்துட்டேன்." பத்து வருஷமாக அதே இரண்டு சொல். எனக்கு அது காலைக் காப்பி நேரம். அந்த வரி வந்த பிறகுதான் காப்பி தொண்டையில் இறங்கும். போனில், ஊர்க்காரர்கள் குழுவில் எங்கேயோ வெடிவிபத்து என்று செய்தி வரும் நாள்களில் அந்த வரிக்காக நான் காத்திருப்பதை எழுதப்போவதில்லை. சிவகாசிப் பக்கத்து ஆட்கள் யார் இதைப் படித்தாலும் அவர்களுக்கே தெரியும்.

அன்று அவனே பேசினான்.

"எக்கா, நீ அழுவுற. இங்கன என்னைய என்ன சொல்றாகன்னு தெரியுமா? முந்தாநாளு வெயிலு சரியில்லன்னு காலைலயே கலவைய நிப்பாட்டிட்டேன். லோடு நிக்கி, ஆர்டர் நிக்கி. மொதலாளி வந்து, அதான் ஒண்ணும் ஆகலையே, பெறகு எதுக்குல நிப்பாட்டினேங்காரு."

"நீ என்னலே சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? நிப்பாட்டுனதாலதான் ஒண்ணும் ஆகலைன்னு எப்படி நிரூபிக்க? நிப்பாட்டாம இருந்தாலும் ஆகியிருக்காதோ என்னமோ. ஆனா ஆயிருந்தா?"

நான் மூக்கைச் சிந்திக்கொண்டு சிரித்தேன். கடல் கடந்து வந்து, பெரிய படிப்புப் படித்து, கடைசியில் தம்பி பார்க்கிற வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாங்கள் சரியாக வேலை செய்தால் எதுவும் நடக்காது. நடக்காததைக் காட்டி யாரிடமும் நன்றி வாங்க முடியாது.

"ஆனா ஒண்ணுக்கா," என்றான். "நான் அங்கன வாசல்ல நின்னு சொன்னா போதும். எல்லாருக்கும் ஏன்னு தெரியும், பயம் அவுகளுக்கும் இருக்கு. ஒன் ஆளுகளுக்கு நீ சொன்னியா?"

சொல்லவில்லைதான். படம் காட்டினேன்.

6

ஐசக் அனுப்பிய பார்சலில் இருந்த சாத்தூர்க் காராச்சேவு ஒரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு டோரீன் வீட்டுக் கதவைத் தட்டினேன். வெறுங்கையோடு போக எனக்குத் தெரியாது. அவள் உள்ளே வா என்று சொல்லவில்லை, ஆனால் கதவை விட்டு நகர்ந்தாள்.

சமையலறை மேசையில் சேவைக் கொட்டினேன். அதன் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்தேன். "இதுதான் கடல். உள்ளே எவ்வளவு இருக்கு, சொல்லு" என்றேன். டோரீன் என்னைப் பைத்தியம் மாதிரிப் பார்த்தாள். தட்டின் ஒரு ஓரத்தை மட்டும் தூக்கிக் காட்டினேன். எங்கள் கப்பல் பார்ப்பது இந்த ஓரத்தைத்தான். இந்த ஓரத்தை வைத்து முழுவதையும் ஊகிக்க வேண்டும், அதற்குத்தான் கணினி. பிறகு தட்டை எடுத்துவிட்டு, இது திமிங்கிலத்துக்கு, இது பறவைக்கு, இது பெரிய மீனுக்கு என்று பிரித்தேன். மிச்சத்தில் படகுக்கு எவ்வளவு, அடுத்த வருஷ முட்டைக்கு எவ்வளவு என்று அவளையே பிரிக்கச் சொன்னேன். அவள் பிரித்தாள், கலைத்தாள், மறுபடி பிரித்தாள். அவள் கணவர் வந்து நின்று திமிங்கிலத்தின் பங்கிலிருந்து எடுத்துத் தின்றார். உறைப்பில் அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"நீ சொல்றது தப்பாவும் இருக்கலாம்ல?" என்றாள் டோரீன்.

"இருக்கலாம். வரம்பு போட்டிருக்கிறதே அதுக்குத்தான். பனி சரியான நேரத்துல விலகலைன்னா இன்னும் மோசமாகலாம். ஆனா இப்பவே வழிச்சு எடுத்தா, திரும்புறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது."

அவள் முட்டைக்கு ஒதுக்கிய குவியலை விரலால் தனியே தள்ளி வைத்தாள்.

"இத அன்னைக்கே கூட்டத்துல சொல்லியிருக்கலாமே, கண்ணு."

"ஆமா."

"சரி. ரெண்டு கோடை பல்லக் கடிச்சுக்கிட்டு இருப்போம். மூணாவது கோடையும் வரலைன்னா படகை வித்துட்டு மேக்க போயிருவோம். வேற வழி இல்ல."

அன்றிலிருந்து மேகன் பேருந்தில் பழைய இருக்கைக்கு வந்துவிட்டாள். ரூத் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். ஆனால் டோரீன் சொன்னது வீட்டுக்குள் எங்களோடே உட்கார்ந்திருந்தது. மூன்றாவது கோடையில் மீன் வராவிட்டால் அவர்கள் குடும்பம் போய்விடும், மேகன் போய்விடுவாள். ரூத் அதை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கோவிலில் நான் எதற்காக முழங்கால் போடுகிறேன் என்று அவளுக்குத் தெரியும். கணினியில் கணக்குப் போட்டுவிட்டு இங்கே வந்து வேறு கேட்கிறாயா என்று சாமுவேல் கிண்டல் செய்தார். வரம்பு அகலமாக இருக்கிறது, கர்த்தருக்கும் இடம் வேண்டாமா என்றேன்.

7

இந்த வசந்தத்தில் பனி நல்ல நேரத்தில் விலகியது. போன கோடைக் குஞ்சுகளின் எண்ணிக்கையும் பரவாயில்லை. மாடலை ஓட்டினேன், கூடும் என்றது. பிடிப்பளவைக் கொஞ்சம் உயர்த்தலாம் என்று குழு சொல்லி, அமைச்சர் கையெழுத்தும் போட்டார். காகிதத்தில் எல்லாம் சரி. மீனுக்குக் காகிதம் போய்ச் சேரவேண்டுமே.

எங்கள் பக்கத்துச் சிவகாசி, அடுத்த வருஷக் காலண்டரை ஆடி மாதத்திலேயே அச்சடித்துக் கையில் கொடுத்துவிடும். அந்த மண்ணிலிருந்து வந்தவளுக்குக் காத்திருப்பது சுலபமில்லை. ஜூன் பிறந்தது. மூடுபனி. காலையில் கரைக்குப் போவேன், வெறும் கல். படகுக்காரர்கள் வண்டிக்குள் இருந்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னைப் பார்த்துக் கையசைப்பார்கள், ஆனால் கேள்வியோடு. டோரீனின் வாசலில் படகு விற்பனைக்கு என்று ஒரு பலகை எழுதி, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தது. ரூத்துதான் அதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

ஆங்கிலத்தில் இல்லை. "வரும்லம்மா?" என்றாள்.

"வரணும்" என்றேன். வரும் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, நான் காப்பித் தம்ளரோடு நின்றிருந்தபோது தெருவில் ஒரு வண்டி ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது. பின்னாலேயே இன்னொன்று. ரூத் செருப்பில்லாமல் ஓடிப்போனாள். நாங்கள் போய்ச் சேரும்போது கரை பூராவும் ஆட்கள். அலை ஒவ்வொன்றும் வெள்ளியாக உருண்டு வந்து, கல் மேல் துடித்து, திரும்பிப் போயிற்று. அந்தப் பக்கம் ஒரு திமிங்கிலம் மூச்சுவிட்டது. அப்படியே கல் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

நான் சொன்னதால் வந்ததா, பனி விலகியதால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா? தெரியாது. இனி நிரூபிக்கவும் முடியாது. அந்த நிமிஷத்தில் அது எனக்குப் பொருட்டாகவே இல்லை. வந்துவிட்டது, அவ்வளவுதான்.

டோரீன் முழங்கால் தண்ணீரில் நின்று வலையைப் போட்டாள். இரண்டே வீச்சில் வாளி நிறைந்தது. நிமிர்ந்து என்னைத் தேடிக் கண்டுபிடித்து, கரை முழுவதும் கேட்கும்படி கத்தினாள்:

"எஸ்தர் கண்ணு! இந்த வருஷத்துக்கு இம்புட்டுப் போதுமா?"

அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கூடவே அழுதேன். மேகனும் ரூத்தும் ஒருவர் மேல் ஒருவர் மீனை அள்ளி வீசிக்கொண்டிருந்தார்கள். "அம்மா, ஷூவக் கழட்டிட்டு எறங்குங்கம்மா!" என்று ரூத் கத்தினாள். சாமுவேல் என் பக்கத்தில் வந்து, "இப்போ கேக் வெட்டலாமா?" என்று கேட்டார்.

ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினேன். தண்ணீர் எலும்பைக் கடித்தது. காலைச் சுற்றி மீன்கள் இடித்துக்கொண்டு போயின. போனை எடுத்து ஒரு வீடியோ பிடித்து ஐசக்குக்கு அனுப்பினேன். கீழே அவனுடைய வரியையே மரியாதையோடு எழுதினேன்: "வெளிய வந்துட்டாக."

ஒற்றை டிக்தான் விழுந்தது. அவன் போன் இன்னும் வாசலில், வாட்ச்மேனிடம் அணைந்து கிடந்தது. கால் மரத்துப்போகும்வரை தண்ணீரிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இரண்டாவது டிக் விழுந்தது. நீலமானது.

"நானும்" என்று எழுதியிருந்தான்.